ஐந்து திருகாணியும் ஒரு காதும்

அந்தச் சனிக்கிழமை காலை, காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் ஒரு சபதம் செய்தார்.

"இனிமே நம்ம கார் குடிக்கிற ஒவ்வொரு சொட்டு பெட்ரோலும், இழுக்கிற ஒவ்வொரு மூச்சுக் காத்தும் என்னைக் கேட்டுட்டுத்தான் உள்ள போகும்."

மனைவி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

"காராவது உங்களைக் கேக்கட்டும்" என்றாள்.

இன்ஸ்பெக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் அந்தஸ்து அப்படி. எத்தனை மாடிக் கட்டடமானாலும் அவர் கையெழுத்துக்காகக் கைகட்டி நிற்கும். அவர் 'ம்' என்றால் லிஃப்ட் ஏறும். 'ம்ஹூம்' என்றால் அத்தனை மாடிக்காரர்களும் மூச்சு வாங்கப் படியேறுவார்கள். வீட்டில் மட்டும் ஒரே தளம். அதிலும் அவருக்குத் தரைத்தளம்.

கார், பதினெட்டு வயதான இரண்டு கதவு வண்டி. செங்கல் நிறம், வெயிலில் வெளுத்த செங்கல். அதற்குப் போன மாதம்தான் டர்போ வைத்திருந்தார். டர்போ என்பது வெளியே போகிற புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியால் காற்றை இஞ்சினுக்குள் திணிக்கிற யந்திரம். மற்ற இஞ்சின்கள் தாமாக மூச்சு விடும். டர்போ வைத்த இஞ்சினுக்கு மூச்சை ஊட்டிவிடுவார்கள். ஊட்டினால் பசி கூடும். கூடுதல் காற்றுக்கு ஈடாகக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எவ்வளவு கூடுதல் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அந்த உயிரைத்தான் முந்தின நாள் ஒரு அட்டைப்பெட்டியில் வாங்கி வந்திருந்தார். பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் ஒன்று. அது டேஷ்போர்டுக்கு உள்ளே ஒளிந்துகொண்டது. அதிலிருந்து ஒரு வயர் வெளியே வந்து, உள்ளங்கை அகலத் தகடு ஒன்றில் முடிந்தது. தகட்டின் மேல் ஐந்து குட்டித் திருகுகள். தோட்டின் திருகாணி அளவுதான் ஒவ்வொன்றும். கூடவே மூன்று மீட்டர்கள். ஒன்று டர்போவின் அழுத்தத்தைக் காட்டும். ஒன்று புகையின் சூட்டைக் காட்டும். நடுவில் இருப்பது காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலக்கின்றன என்று காட்டும்.

ராத்திரியோடு ராத்திரியாக மாட்டி முடித்து, காபி குடித்த கையோடு முதன்முதலாகச் சாவியைத் திருப்பியபோது மூன்று மீட்டரிலும் விளக்கு எரிந்தது. மூன்று முள்ளும் ஒன்றாக எழுந்து, கடைசிவரை போய், ஒன்றாகத் தலைவணங்கித் திரும்பின. இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் அவர் உள்ளே நுழைந்ததும் யாரும் இப்படிச் சேர்ந்தாற்போல் எழுந்து நின்றதில்லை.

ஓடிப்போய் மனைவியைக் கூட்டிவந்தார். அவள் வெண்ணெய்க் கையோடு கார் ஷெட்டில் வந்து நின்றாள்.

"இந்த நடு மீட்டரைப் பாரு. பெட்ரோல் ஒரு பங்குன்னா காத்து எத்தனை பங்குன்னு காட்டும். சமதரையில சும்மா போகும்போது பதினாலு புள்ளி ஏழு. மேட்டுல டர்போ அழுத்தும்போது பன்னெண்டுக்குக் கீழ இறங்கணும். பெட்ரோல் கூடினா அதுக்குப் பேரு ரிச். குறைஞ்சா லீன்."

"லீன் ஆனா?"

"உள்ள சூடு ஏறும். பிஸ்டன் மெழுகு மாதிரி உருகிடும்."

"ரிச் ஆனா?"

"கரும்புகை வரும்."

"அப்போ இந்த வீட்டுல ரிச் ஆகப்போறது இது மட்டும்தான்."

"கிண்டல் பண்ணாதே. இதுக்குப் பேரு கலவை. சரியான கலவை ஒரு தவம்."

"கலவையில எழுத்து இடம் மாறினா கவலைங்க. பாத்து."

அவள் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. வீட்டில் இருந்தது ஒரே கார். இன்ஸ்பெக்டரைக் கூட்டிப்போக ஆபீஸ் வேன் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை காரை ஓட்டுகிறவள் அவள்தான். மருத்துவமனையில் காது பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கொசுவின் முனகலைவிட மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் அவள் முன்னால் விரல் தூக்கியவர்கள். அவள் முன்னால் குரல் தூக்கியவர் யாரும் இல்லை.

"நடு ரோட்டுல என்னை நிறுத்திடுச்சுன்னா?" என்றாள்.

"நிறுத்தாது."

"நிறுத்திடுச்சுன்னா?"

"எல்லாத்தையும் கழட்டிடறேன். பழைய கார் பழையபடி."

"டர்போவும்?"

"டர்போவும்."

"இந்த மூணு முள்ளும்?"

நடு மீட்டரின் கண்ணாடியை விரலால் துடைத்தார். "...முள்ளும்."

"சரி. அப்போ திருகிக்கோங்க."

நான்கு வாரத்தில் மலைச்சாலைப் போட்டி இருந்தது. சாலையை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக உச்சிவரை ஏறவிட்டு நேரம் குறிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் கலந்துகொள்கிறார். அவரிடமும் ஒரு டர்போ கார் உண்டு. போன வருடம் ஜெயித்ததிலிருந்து காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டும்போதெல்லாம் முப்பத்திரண்டு பல்லையும் காட்டுகிறார். அந்த முப்பத்திரண்டையும் மூடவைப்பது இன்ஸ்பெக்டரின் லட்சியம்.

ஒரே ஒரு பயம். மனைவிக்குக் கை சும்மா இருக்காது. கடிகாரம் இரண்டு நிமிடம் பின்னால் ஓடினால்கூடத் திருத்திவிட்டுத்தான் உட்காருவாள். திருகில் கை வைத்துவிட்டால்? யோசித்தார். அலமாரியிலிருந்து அவளுடைய நெயில் பாலிஷை எடுத்துவந்து, ஒவ்வொரு திருகுக்கும் தகட்டுக்கும் சேர்த்து மயிரிழைக் கோடு ஒன்று போட்டார். யார் தொட்டாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மனைவி செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னாள்.

"மேட்டுல ஏறும்போது கார் கிணுகிணுங்குது."

"எப்படி?"

"தகர டப்பாவுல நாலு சரளைக்கல்லைப் போட்டு யாரோ தூரத்துல குலுக்குற மாதிரி."

இன்ஸ்பெக்டர் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தார்.

"இதோ," என்றாள்.

"எங்க?"

"இதோ, இப்போ! கேக்கல?"

"ஒண்ணும் கேக்கல."

"கேக்காது. லிஃப்ட் மோட்டார் ரூம்லயே நின்னு நின்னு உங்க காதுக்குக் கீச்சுன்னு வர்ற மேல் சத்தமெல்லாம் போயிடுச்சு. நானே டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுத்திருக்கேனே. கிணுகிணுப்பு அங்கதான் இருக்கு. நான் பேசுறதும் பாதி அங்கதான் இருக்கு."

"காது பொய் சொல்லும். மீட்டர் பொய் சொல்லாது."

"அப்போ மேட்டுல மீட்டரைப் பாருங்க."

"மேட்டுல ரோட்டைப் பாக்கறதா, மீட்டரைப் பாக்கறதா?"

சமதரைக்கு வந்து மீட்டரைப் பார்த்தார். பதினாலு புள்ளி ஏழு. முள் தவத்தில் உட்கார்ந்த முனிவர் மாதிரி அசையாமல் இருந்தது. "பாத்தியா?" என்றார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

ஆனாலும் அந்தச் சரளைக்கல் டப்பா மனதுக்குள் குலுங்கிக்கொண்டே இருந்தது. பிஸ்டன் மெழுகாக ஒழுகுவது கனவில் வந்தது. சனிக்கிழமை எழுந்ததும் எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்து திருகையும் வலப்பக்கம் தாராளமாகத் திருகிவிட்டு இஞ்சினைக் கிளப்பி ஒரு மிதி மிதித்தார். பின்னாலிருந்து கரும்புகை மூட்டையாகப் புறப்பட்டு, சுவர் ஏறிக் குதித்து, பல் டாக்டர் வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த துணியைத் தழுவிக்கொண்டது.

சுவருக்கு மேல் தலை வந்தது. பல் தெரியவில்லை.

"சார், என் கோட்டு வெள்ளையா இருந்துச்சு."

"இப்போ?"

"இப்போ வக்கீல் கோட்டு."

அன்று மத்தியானம் மனைவி அந்தக் கோட்டைத் துவைத்துக் கொடுத்தாள். துவைக்கும்போது யோசனையாக இருந்தாள். கோட்டில் படிந்த கரியை விரலில் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுநாள் இன்ஸ்பெக்டர் திருகுகளைப் பழையபடி இடப்பக்கம் கொண்டுவந்து, புதுக் கோடு போட்டு, கும்பிடாத குறையாக எழுந்து வந்தார்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது.

மனைவி புகார் சொல்வதை நிறுத்திவிட்டாள். கிணுகிணுப்பு இல்லை. புகை இல்லை. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் மூன்றாவது திருகை ஒரு மயிரிழை திருகிவிட்டு வண்டியை எடுத்தார். கார் கால் வைத்த இடத்தில் பாய்ந்தது. அதற்கடுத்த வாரம் நான்காவது திருகில் அரை மயிரிழை. கார் வெண்ணெயாக வழுக்கியது. எந்த வேகத்தில் எந்த கியரில் மிதித்தாலும் இழுப்பு ஒரே சீராக, நெடுமூச்சு மாதிரி, முடிவில்லாமல் வந்தது. பழைய செங்கல் வண்டிக்குள் இப்படி ஒரு மிருகம் படுத்திருந்ததா? அதை எழுப்பியது இந்த இரண்டு விரலா? இன்ஸ்பெக்டர் தன் ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் அவ்வப்போது எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டார். கைகழுவும்போதுகூட அந்த இரண்டை மட்டும் மெதுவாகத் தேய்த்தார்.

கோடுகளையும் தினமும் சோதித்தார். ஒன்றுகூட விலகவில்லை. மனைவி பரம சாது. மருத்துவமனையில் வேலை அதிகம் போலிருக்கிறது, பாவம், சில நாள் அரைமணி நேரம் தாமதமாக வந்தாள். ஒருநாள் காதோரம் கிரீஸ் கறை இருந்தது. "புது மெஷின்" என்றாள். இருக்கும் என்று நினைத்தார்.

பல் டாக்டர் சுவருக்கு மேல் வந்து, "சார், உங்க வண்டி சத்தம் இப்போ தேன் மாதிரி இருக்கே, என்ன பண்றீங்க?" என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அரைமணி நேரம் சொன்னார். கலவை என்பது கணக்கு அல்ல என்றார். உள்ளுணர்வு என்றார். விரல் நுனியில் ஒரு மூன்றாம் கண் இருக்கிறது என்றார். பல் டாக்டர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறர் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவர், அன்றைக்குத் தன் வாயைத் திறந்தார்.

போட்டி நாள் வந்தது.

மலையடிவாரத்தில் முப்பது கார்கள் முகப்பைத் திறந்துகொண்டு நின்றன. அத்தனை இஞ்சினும் ஒன்றாக உறுமியபோது தரை நடுங்கி, செருப்பு வழியாகக் கால் கூசியது. சாலை மேலே பார்த்தால் தெரிந்தது. சாம்பல் நிற ரிப்பன் ஒன்று ஏழு வளைவு வளைந்து மேகத்துக்குள் போய் மறைந்தது. இன்ஸ்பெக்டர் லிஃப்ட்டுகளோடு வாழ்ந்தவர். நேராக ஏறுவதுதான் அவருக்குத் தெரியும். இப்படி வளைந்து வளைந்து வானத்துக்குப் போகிற வழியைப் பார்த்ததும் அண்ணாந்தபடியே நின்றார்.

விண்ணப்பம் நிரப்பும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள். "நீங்க முள்ளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மேஜைப் பக்கம் போனாள்.

அங்கே பச்சைக்கொடியோடு நின்றவர் சைலன்சர் கடைக்காரர். முப்பது வருடம் புகைக்குழாய் பற்றவைத்ததில் காது மந்தமாகி, இப்போது காது மெஷின் வைத்திருந்தார். எதைப் பேசினாலும் கத்தித்தான் பேசுவார். அதனாலேயே அவருக்கு ஊரில் பெயர் 'சைலன்சர்'.

"வாங்க மாப்ளே!" என்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. இந்த ஆள் எப்போதும் 'சார்' என்றுதானே கூப்பிடுவார்? உறவு எப்போது முளைத்தது?

காருக்கு இரண்டு ஓட்டம், ஓட்டுகிறவர் மாறலாம். இரண்டில் நல்ல நேரம் எதுவோ அது கணக்கு. பல் டாக்டர் முதல் ஓட்டத்திலேயே இரண்டு நிமிடம் பதினொரு விநாடியில் உச்சியைத் தொட்டுவிட்டு, பல்லைக் காட்டிக்கொண்டே இறங்கிவந்தார்.

அடுத்தது இன்ஸ்பெக்டர்.

கொடி விழுந்தது. மிதித்தார். டர்போ ஊளையிட்டுக்கொண்டு விழித்தது. முதுகு இருக்கைக்குள் புதைந்தது. முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. மரங்கள் கோடுகளாயின. மேட்டில் முழு மிதியில் போகும்போது, வாழ்க்கையில் முதன்முறையாக, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நடு மீட்டரைப் பார்த்தார். பதினொன்று புள்ளி எட்டு. முள் அங்கே அறைந்தாற்போல் நின்றது. இஞ்சினுக்குள்ளே ஒரு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான வெடிகள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எத்தனை காற்று, எத்தனை துளி என்று யாரோ ஊட்டுகிறார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. "எல்லாம் என் விரல்" என்று முணுமுணுத்தார்.

விரலை நினைத்ததும் அது அரித்தது. இவ்வளவு நன்றாகப் போகிற வண்டி இன்னும் ஒரு மயிரிழை நன்றாகப் போனால்? நான்காவது வளைவு தாண்டியதும் கையை நீட்டி மூன்றாவது திருகைப் பிடித்துத் திருகினார்.

தகடு முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

ஐந்து திருகும், ஐந்து நெயில் பாலிஷ் கோடும், ஒரு சாண் வயரும் அவர் உள்ளங்கையில் கிடந்தன. வயரின் மறுமுனை எங்கும் போகவில்லை. அந்த முனையில், காயத்துக்குக் கட்டுப்போடுவது போல வெள்ளையாக, அழகாக, மருத்துவமனை பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

கார் தன்பாட்டுக்கு மேலே பாய்ந்துகொண்டிருந்தது. முள் பதினொன்று புள்ளி எட்டில் நின்றது. இன்ஸ்பெக்டரின் கால்தான் மிதியிலிருந்து தானாக எழுந்துவிட்டது.

இரண்டு நிமிடம் பதினாலு.

கீழே வந்ததும் தகட்டை மனைவியின் முன்னால் நீட்டினார். செத்துப்போன பறவைக்குஞ்சை ஏந்துவது போல இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

"கழண்டுடுச்சா?" என்றாள் அவள். "ரொம்பத் திருகிட்டீங்க."

"இது... எத்தனை நாளா?"

"பல் டாக்டர் கோட்டைத் துவைச்சேனே, அதுக்கடுத்த திங்கட்கிழமையிலேருந்து."

"மூணு வாரமா! மூணு வாரமா நான் திருகினது?"

"எதுலயும் சேரல."

"ஆனா ஒவ்வொரு தடவையும் வித்தியாசம் தெரிஞ்சுதே!"

"தெரியுங்க. காது மெஷின் வெச்சவங்கள்ல சில பேர் வந்து இன்னும் கொஞ்சம் திருகுங்கம்பாங்க. அதுல மாத்த ஒண்ணுமே இருக்காது. கையை வெச்சு எடுத்துட்டு, 'இப்போ எப்படி?'ன்னு கேப்பேன். 'ஆஹா'ம்பாங்க. சில பழைய லிஃப்ட்லயே கதவு மூடற பட்டனுக்குப் பின்னாடி வயரே இருக்காதுன்னு நீங்கதானே சொல்லிச் சிரிச்சீங்க?"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் கோடு?"

"என் நெயில் பாலிஷ்தானே? மூடியைக்கூட மூடாம வெச்சிருந்தீங்க. கோட்டைத் தொடாம எப்படின்னு யோசிச்சேன். சரி, தகட்டைத் தொடாம பின்னாடி வயரை மட்டும் பிடுங்குவோம்னு தோணுச்சு."

"அப்போ நிஜத் திருகு எங்க?"

அவள் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, கன்ட்ரோலரின் வயர் மாட்டிய இன்னொரு தகட்டை இழுத்துக் காட்டினாள். அதே மாதிரி ஐந்து திருகு. பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு. கூடவே ஒரு செப்புக் குழாய், அதன் நுனியில் கட்டிய ரப்பர்க் குழாய், அதன் முடிவில் மருத்துவமனையில் தள்ளிவைத்த பழைய ஹெட்போன்.

அதற்குள் சைலன்சர் வந்து சேர்ந்தார். "தங்கச்சி சொல்லிடுச்சா!" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். "நமக்குக் காது மெஷின் வெச்சது தங்கச்சிதான் மாப்ளே! கார் கிணுகிணுங்குதுன்னு வந்து நின்னுச்சு! அது பேரு நாக்கிங், பிஸ்டனைத் தின்னுடும்னு சொன்னேன்! மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மருத்துவமனைக்குப் பின்னாடி மேட்டுல ஓட்டுவோம், சில நாள் சாயங்காலம் இந்த மலையிலயும்! முள்ளைப் பாக்க நம்ம கண்ணு, கிணுகிணுப்பைப் பிடிக்க அது காது! ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு மெக்கானிக்!"

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டார்.

"சொன்னேனே. உங்களுக்குத்தான் கேக்கல."

"எந்தக் கேக்கல? காது கேக்கலையா, சொன்னது கேக்கலையா?"

"ரெண்டும்."

இதற்குமேல் என்ன கேட்பது? ஆனால் அவள் அதோடு விடவில்லை. செப்புக் குழாயின் மறுமுனையை இஞ்சினில் முடுக்கினாள். ஹெட்போனை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். நோயாளிக்கு மாட்டுவது போல, காதுமடலை மடங்காமல் எடுத்துவிட்டு, பதமாக. "கண்ணை மூடிக்கோங்க. கேட்டா விரலைத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு, இஞ்சினைக் கிளப்பி, ஒரு திருகைத் தப்பான பக்கம் துளி திருப்பி, சுருக்கென்று ஒரு மிதி மிதித்தாள்.

குழாய் வழியாக, தூரத்தில், யாரோ சரளைக்கல்லைத் தகர டப்பாவில் குலுக்கினார்கள்.

இன்ஸ்பெக்டரின் விரல் தானாக மேலே போனது.

அவள் திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி மிதித்தாள். கல் நின்றது. அதன் இடத்தில் எழுந்ததை இன்ஸ்பெக்டரால் என்னவென்று சொல்ல முடியவில்லை. நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரு பெரிய மண்டபத்தில் வாய் மூடியபடி ஒரே சுருதியில் முனகுவது போல் இருந்தது. பிசிறு இல்லை. சுருதி ஏறியது, இறங்கியது, ஓய்ந்தது. இந்த மண்டபத்தின் வாசலில் மூன்று வாரமாக நின்றுகொண்டு, உள்ளே இப்படி ஒன்று நடப்பது தெரியாமல், கதவுக் குமிழைத் துடைத்துக்கொண்டிருந்தோமா?

கண்ணைத் திறந்தார். மனைவியின் முகம் எதிரே இருந்தது. அவள் முகத்திலும் அதே வியப்பு.

"எத்தனையோ வருஷமா நான்தாங்க எல்லாருக்கும் சத்தம் அனுப்பிட்டு, கேக்குதா கேக்குதான்னு கேட்டுட்டிருக்கேன்" என்றாள். "இதுதான் முதல் தடவையா எனக்குச் சத்தம் அனுப்புச்சு. நிறுத்த முடியலைங்க. போட்டி முடிஞ்சா கழட்டச் சொல்லிடுவேன்னு நினைச்சீங்களா? யாராவது டர்போல கை வெச்சுப் பாக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக அவளுடைய மணிமணியான எழுத்து. எந்த வேகத்தில், எந்த அழுத்தத்தில், முள் எங்கே, சத்தம் எப்படி. 'இரண்டாம் கியர், மேடு, லேசான தொண்டைக் கரகரப்பு.' 'நான்காம் திருகு கால் பங்கு. கரகரப்பு போச்சு. நல்ல பிள்ளை.' அத்தனை லிஃப்ட்டுகளைச் சோதித்தவர், இவ்வளவு நேர்த்தியான சோதனைக் குறிப்பை ஆபீசில் பார்த்ததில்லை. கோபம் எங்கே போனது என்று தேடினார். கிடைக்கவில்லை.

"ரெண்டாவது ஓட்டம் நீ ஓட்டு" என்றார். சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"ஓட்டறேன். நீங்களும் வாங்க. இந்தப் பக்கம் உக்காருங்க."

"நான் எதுக்கு? திருகக்கூட ஒண்ணும் இல்லையே."

"நீங்க பக்கத்துல இருந்தாத்தாங்க வளைவுல தைரியமா திரும்ப முடியும்."

இன்ஸ்பெக்டரின் மார்பு விரிந்தது. மூன்று வாரம் ஏமாந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் கரைந்துபோனது. விறுவிறுவென்று ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

கொடி விழுந்தது. அவள் ஓட்டியதை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார். அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டு, யாரோ காதோடு காதாகச் சொல்கிற ரகசியத்தைக் கேட்பவள் போல, கேட்டுக் கேட்டு ஓட்டினாள். இஞ்சின் சொல்லும்போது கியரை மாற்றினாள். அது மூச்சு வாங்கும்போது காத்திருந்தாள். ஏழு வளைவும் கைரேகை மாதிரி அவளுக்குத் தெரிந்திருந்தது. மேகம் கண்ணாடியில் ஈரமாக மோதியது. உச்சிக்கு வந்து நின்றபோது கீழே பள்ளத்தாக்கு விரிந்து கிடந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினாறு வருடம். இவள் யார்?

இரண்டு நிமிடம் ஐந்து விநாடி.

அடிவாரத்தில் கைதட்டல் ஓயவில்லை. பல் டாக்டர் ஓடிவந்தார். "மேடம், என் வண்டிக்கும் ஒரு தடவை காது குடுங்க மேடம்!" என்று கெஞ்சினார். முப்பத்திரண்டும் மூடியிருந்தது. மூடவைத்தவர் யார் என்பதில் இன்ஸ்பெக்டருக்கு இப்போது வருத்தமில்லை. தைரியம் தந்தவர் நாம்தானே? அந்தப் பெருமையோடு, முடிவுகளை ஒட்டியிருந்த பலகைப் பக்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஜெயித்தவர்களின் விண்ணப்பத்தையும் பக்கத்தில் ஒட்டியிருந்தார்கள். மனைவியின் மணிமணியான எழுத்து. தன் பெயர் எங்கேயாவது இருக்கும் என்று தேடிக்கொண்டே வாசித்தார்.

இரண்டாம் ஓட்டம். ஓட்டுநர் என்ற கட்டத்தில் அவள். கலவை அமைத்தவர் என்ற கட்டத்தில் அவள். கீழே கடைசியாக ஒரு கட்டம், 'வளைவில் வண்டி சாயாமலிருக்க மறுபக்கம் ஏற்றிய எடை'. அதில் 'மணல் மூட்டை' என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தியிருந்தாள்: 'கணவர், 79 கிலோ.'